உயரம் எழுதாத தாள்கள்

அவர் என் அறைக்குள் ஒருநாளும் அனுமதி கேட்டு நுழைந்ததில்லை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வருவார். ஒரு கையில் ஏதாவது ஒரு குழந்தையின் மணிக்கட்டு இருக்கும். மறு கை என் மேஜையை நோக்கி நீளும். மேஜைமேல் என் அலுவலக நடைமுறை நூல் இருக்கும். கெட்டி அட்டை, தோல் முதுகு, நானூற்றுச் சொச்சம் பக்கம். முப்பத்து நான்கு வருஷ அரசாங்க உத்தியோகத்தில் நான் சேர்த்த ஒரே சொத்து என்று என் மனைவி அதைச் சொல்வாள். குழந்தையைச் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிறுத்துவார். அந்த நூலை எடுத்துத் தலைமேல் படுக்கவைத்து அழுத்தி, அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பை உருவி, தரையிலிருந்து கோடு வரைக்கும் அளப்பார். "நூத்திப் பன்னெண்டரை" என்று சொல்வார். என்னிடம் அல்ல, சுவரிடம். அப்புறம் குழந்தையோடு போய்விடுவார். நூல் மேஜைமேல் தலைகீழாகக் கிடக்கும்.

என் அறைக்கு ஏன் வர வேண்டும் என்று முதல் வாரமே கேட்டேன். கட்டடத்திலேயே இந்த ஒரு சுவர்தான் நேராக நிற்கிறது, மற்றதெல்லாம் வயிறு தள்ளியிருக்கிறது என்றார். அந்த நூல் எதற்கு என்றேன். தட்டையான, கனமான பொருள் வேண்டும், இங்கே வேறு எதிலும் கனம் இல்லை என்றார். அந்த நூலைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

இடம் ஸ்ரீரங்கம், அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் நான் பால்காரரிடம் தாமதத்துக்கு எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்டேன். மறுநாளே என் மனைவி தன் அத்தை மகனான டாக்டருக்குப் போன் செய்து, அவர் நடத்திவந்த நிலையத்தில் என்னை மேலாளராக ஏற்றிவிட்டாள். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போவார். மற்ற நாட்களில் காகிதம் என் பொறுப்பு, ரத்தம், கதவைத் தள்ளிக்கொண்டு வரும் அந்த அம்மாவின் பொறுப்பு.

பெயரை எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உயரம் கேக்கற அம்மா இருக்காங்களா?" என்றுதான் வருவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். பாலக்கரையிலிருந்து தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். அப்பா தையல்காரராக இருந்தவர், அந்த டேப் அவர் விட்டுப் போனது. டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப் மாட்டுகிற இடத்தில் இவர் அதை மாட்டியிருப்பார். மற்றவர் உயரத்தில் இத்தனை அக்கறை கொண்டவருக்கு ஆண்டவன் கொடுத்திருந்தது நாலடி பத்தங்குலம். பத்தாம் வகுப்புப் பையன்களை அளக்க, பார்வையாளர்களுக்காக என் அறையில் போட்டிருந்த ஸ்டூல்மேல் ஏறிக்கொள்வார். பார்வையாளர் அதில் உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கச் சொல்வார்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். பதினெட்டு வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும், கிரியேட்டினின் பார்க்க ரத்தம் எடுத்தால் உயரமும் எடுக்க வேண்டும். உயரம் இல்லாமல் ரிப்போர்ட் போகக் கூடாது.

ஜனங்களுக்கு இது புரியவில்லை. பாதிப் பேர் ஸ்கூல் யூனிஃபார்முக்கு அளவெடுக்கிறார் என்று நினைத்து, இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். சித்திரை வீதியிலிருந்து பேரனைக் கூட்டி வந்த பெரியவர் ஒருவர், "கொழந்தைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னா, போலீஸ்ல சேக்கறாப்பல நிக்க வச்சு அளக்கறேளே" என்று என்னிடம் முறையிட்டார். பெண் குழந்தைகளின் அம்மாக்கள் பாடு இன்னும் சிரமம். காலையில் எழுந்து உச்சியில் தூக்கிப் போட்ட கொண்டையையும் அதைச் சுற்றிய பூவையும் இவர் ஈவிரக்கமின்றிப் பிரித்துவிடுவார். "கொண்டையில கிட்னி இல்லம்மா" என்பார்.

கிரியேட்டினின் என்பது என்ன என்று எனக்கே அவர்தான் சொன்னார். நம் உடம்பின் சதை தினமும் போடுகிற குப்பை அது. ரத்தத்தில் வந்து விழும், சிறுநீரகம் வாரி வெளியே கொட்டும். ரத்தத்தில் குப்பை அதிகம் நின்றால் வாருகிற ஆள் சரியில்லை என்று அர்த்தம். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். இருக்காதது அடுத்து அவர் சொன்னது.

"பத்து வீடு இருக்கற தெருவுல ஒரு கூடை குப்பை கெடந்தா சரி சார். ரெண்டே வீடு இருக்கற தெருவுல அதே ஒரு கூடை கெடந்தா, வண்டி வரலைன்னுதானே அர்த்தம்? குழந்தை ரெண்டு வீட்டுத் தெரு. எத்தன வீடுன்னு தெரிய உயரத்தக் கேக்கணும்."

அதற்கு ஒரு கணக்கும் இருந்தது. உயரத்தை செண்டிமீட்டரில் எழுதி, புள்ளி நான்கு ஒன்று மூன்றால் பெருக்கி, கிரியேட்டினினால் வகுத்தால், சிறுநீரகம் எவ்வளவு வேகமாகச் சுத்தம் செய்கிறது என்று ஒரு எண் வரும். தொண்ணூறும் அதற்கு மேலும் நல்லது. இந்தக் கணக்கை அவர் தினசரிக் காலண்டர் தாளின் முதுகில் போடுவார். ராகு காலம் ஒருபுறம், சிறுநீரகம் மறுபுறம்.

எங்கள் கம்ப்யூட்டருக்கு இந்த ஞானம் கிடையாது. எண்பது வயதுக்காரருக்கும் எட்டு மாதக் குழந்தைக்கும் அது ஒரே நார்மல் அளவைத்தான் பக்கத்தில் அச்சடிக்கும்: புள்ளி ஆறிலிருந்து ஒன்று புள்ளி இரண்டு வரை. அந்த வரம்பைத் தாண்டினால் எண்ணைக் கொட்டை எழுத்தில் போடும். எங்கள் ஊரில் ரிப்போர்ட்டைப் படிக்கிற முறையும் அதுதான். வாங்கியதும் கொட்டை எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நேரே காபி குடிக்கப் போவார்கள்.

குழந்தைகளுக்கு அந்த அளவை மாற்றுங்கள் என்று அவர் என்னிடம் கேட்டார். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என்னிடம்தான் இருந்தது. வாய்மொழிக் கோரிக்கையை ஏற்க வழியில்லை, எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். நான் அதற்கு ஒரு கோப்பு திறந்து, குறிப்பு எழுதி, டாக்டருக்கு வைத்தேன். டாக்டர் "ஆவன செய்க" என்று எழுதினார். ஆவன செய்வது யார் என்று அதில் குறிப்பிடாததால், தெளிவுரை கேட்டுத் திருப்பி அனுப்பினேன். கோப்பு அப்படியே ஏழு மாதம் என் மேஜையில் பத்திரமாக இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

கோப்பு நகராததால் அவர் தன் வழியில் போனார். ஒவ்வொரு குழந்தையின் ரிப்போர்ட்டிலும் உயரத்தையும் கணக்கையும் ஓரத்தில் கையால் எழுதினார். அதுவும் பச்சை மையில். அரசாங்கத்தில் பச்சை மை என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அது கெஜட்டில் பெயர் வந்த அதிகாரிகளுக்கு உரியது. நானே முப்பத்து நான்கு வருஷத்தில் கடைசி இரண்டு வருஷம்தான் அதைத் தொட்டேன். அச்சிட்ட ஆவணத்தில் கைப்பட எழுதியது ஏன், பச்சை மையைப் பயன்படுத்தியது ஏன் என்று மெமோ கொடுத்தேன். அன்று சாயங்காலமே பதில் வந்தது. "மை தீர்ந்ததும் நீலம் வாங்குகிறேன். இந்தத் தாளில் குழந்தையின் வயது மட்டும் இருக்கிறது, உயரம் 104 என்று சேர்த்துக்கொள்ளவும்." என் மெமோவோடு இணைத்திருந்த ரிப்போர்ட்டின் வெறும் அச்சு நகலையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மொத்தம் நான்கு மெமோ கொடுத்தேன். நான்கிலும் அவர் பின்புறம் கணக்குப் போட்டிருந்தார்.

அவரை வெறும் பிடிவாதக்காரர் என்று எழுதிவிட்டால் தப்பு. பிடிவாதக்காரர்களுக்கு ஒரே பக்கம்தான் தெரியும், இவர் இரண்டு பக்கமும் பார்ப்பார். ஒருமுறை மன்னார்புரத்திலிருந்து ஒரு அம்மா பதினாறு வயது மகனோடு அழுதுகொண்டே வந்தார். பையனுக்கு கிரியேட்டினின் ஒன்று புள்ளி மூன்று, கொட்டை எழுத்து. ஊரில் யாரோ டயாலிசிஸ் வரைக்கும் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். இவர் ஸ்டூல்மேல் ஏறிப் பையனை அளந்தார். இறங்கி வந்து அவன் புஜத்தைத் தக்காளி பார்ப்பதுபோல் அமுக்கிப் பார்த்தார். தினமும் எத்தனை மணி நேரம் ஜிம்முக்குப் போகிறான், டப்பாவில் என்ன மாவு கரைத்துக் குடிக்கிறான் என்று விசாரித்தார். பிறகு அந்த அம்மாவிடம், பெரும்பாலும் இது சதை போடுகிற சத்தம்தான், ஆனால் என் வாயை நம்பாதீங்க, சிஸ்டாட்டின் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்குச் சதையோடு சகவாசம் கிடையாது, அதைப் பார்த்துவிடலாம் என்றார். ரத்தம் சென்னைக்குப் போய் வந்தது. சிஸ்டாட்டின் சாதுவாக இருந்தது. பையன் அன்றே ஜிம்முக்குப் போய்விட்டான் என்று அவன் அம்மா திரும்ப வந்து அழுதார்.

இன்னொரு தரம், பிறந்து இரண்டே நாளான குழந்தையின் ரிப்போர்ட் ஒன்று வந்தது. கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல். மாமியார், மருமகள் வீட்டு வம்சத்தில் யாருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று மூன்று தலைமுறை வரை அங்கேயே விசாரணையைத் தொடங்கிவிட்டார். இவர் குறுக்கே போய், இந்த ரத்தத்தில் இருக்கிற கணக்கு குழந்தையுடையதே இல்லை, வயிற்றில் இருந்தபோது தாயிடமிருந்து வாங்கியது, குழந்தை தன் சொந்தக் கணக்கைத் தொடங்க நாலைந்து நாள் ஆகும், அப்புறம் வாருங்கள் என்றார். மாமியார் விடவில்லை, அப்படியானால் தாய்க்குத்தான் கோளாறா என்றார். தாயுடையது தாய்க்கு நார்மல் என்றார் இவர். விசாரணை ஆதாரமின்றிக் கைவிடப்பட்டது.

இனி அந்தச் சிறுமிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அவளால்தான்.

திருவெள்ளறையில் வாழை போட்டிருந்த ஒரு விவசாயியின் மகள் அவள். யாழினி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரை வயது. அடிக்கடி காய்ச்சல், ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல். அந்தப் பக்கத்து டாக்டர் ஒருவர் மாத்திரை கொடுத்து, ரத்தம் பார்த்துவிடுங்கள், நார்மல் என்றால் திரும்ப வர வேண்டாம், மாத்திரையை முடித்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவும் அம்மாவும் காலையிலேயே கூட்டி வந்தார்கள். ஊசியைப் பார்த்ததும் அந்தக் குழந்தை போட்ட கூச்சலில் தெரு நாய்கள் எழுந்து நின்றன. ரத்தம் எடுத்து முடித்ததும், அழுத களைப்பில் அம்மா தோளிலேயே தூங்கிவிட்டாள். தூங்குகிற குழந்தையைச் சுவரில் நிறுத்தி அளக்க முடியாது. எழுந்ததும் அளக்கிறேன், அதுவரை இருங்கள் என்று சொல்லிவிட்டு, நம் உயரம் கேக்கற அம்மா உள்ளே சாப்பிடப் போனார்.

மெஷினில் எண் வந்தது: புள்ளி ஒன்பது. வரம்புக்கு நட்ட நடுவில். கொட்டை எழுத்து இல்லை.

அப்பா என் அறைக்கு வந்தார். மூன்று மணிக்கு மும்முனைக் கரண்ட் வரும், வந்தால் நாலு மணி நேரம்தான், அதற்குள் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும், ரிப்போர்ட்டைக் கொடுத்தால் போய்விடுவோம் என்றார். நியாயமான கோரிக்கை. தாளை எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. "உயரம் இல்லாமல் கொடுக்க வேண்டாம்." பச்சை மை.

ஒட்டப்பட்ட துண்டுச் சீட்டு எந்த ஆவணத்துக்கும் அங்கமாகாது. அதைக் கிழித்தேன். "சரிபார்த்து வழங்கப்பட்டது" என்று நானே வடிவமைத்துச் செய்யச் சொன்ன சீல் ஒன்று இருந்தது. அதைக் குத்திக் கையெழுத்துப் போட்டேன். இதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிக்கலாம். "எல்லாம் நார்மல். கொட்டை எழுத்தே இல்ல பாருங்க" என்றும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. தூங்குகிற குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டு, மனைவியை முன்னே அனுப்பி, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பத்து நிமிஷம் கழித்து அந்த அம்மா கை துடைத்துக்கொண்டே வந்தார். அலுவலக நகலைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நான் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் சத்தம் போடவில்லை.

"அந்தப் பொண்ணு எவ்ளோ உயரம் இருக்கும் சார்?"

கவனிக்கவில்லை என்றேன். யோசித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அவள் அம்மா வாசலில் நின்றபோது குழந்தையின் கால் எதுவரை தொங்கியது என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் உடம்பிலேயே அந்த இடத்தைத் தொட்டு, டேப்பை வைத்து, நூறுகூட இருக்காது என்றார். பிறகு என் மேஜையிலிருந்த நான்காவது மெமோவைத் திருப்பி, அதில் மிச்சமிருந்த மூலையில் கணக்குப் போட்டார். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வந்தது.

"பாதி சார்" என்றார். "பாதி வேலைதான் நடக்குது. நீங்க நார்மல்னு சொல்லிட்டீங்க. அவங்க டாக்டர்கிட்ட திரும்பப் போக மாட்டாங்க."

படிவத்திலிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மைத்துனர் எடுத்தார். மாமா வயலுக்குப் போனை எடுத்துப் போக மாட்டார், நான் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்கிறேன் என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. திருத்திய அறிக்கை ஒன்றைத் தபாலில் அனுப்புவதுதான் முறை என்று நான் ஆரம்பித்தேன். அவர் என் நடைமுறை நூலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"கிளம்புங்க சார். நான் மட்டும் போய்ச் சொன்னா அந்த ஆளு கேக்க மாட்டாரு. சீல் போட்டவரு நீங்க. நீங்கதான் வந்து எடுக்கணும்."

டோல்கேட் வரைக்கும் ஆட்டோ, அங்கிருந்து துறையூர் பஸ். உட்கார இடம் அவருக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. மண்ணச்சநல்லூர் தாண்டும்வரை நான் நின்றுகொண்டே, வழங்கப்பட்ட அறிக்கையைத் திரும்பப் பெறுவதற்கு நூலில் எந்த அத்தியாயம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு அத்தியாயமே இல்லை. நூல் அவர் மடியில் கிடந்தது, அதன்மேல் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கோயிலைத் தாண்டி, விசாரித்து விசாரித்து வயலைக் கண்டுபிடித்தோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சிறுமி விழித்திருந்தாள், தொட்டியில் விழும் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஓடி ஒளிந்தாள்.

"ஊசி இல்ல தங்கம். இன்னிக்கு புக்கு மட்டும்தான்."

மோட்டார் கொட்டகைச் சுவர் நேராக இருந்தது. செருப்பைக் கழற்றி, நிறுத்தி, நூலை வைத்தார். "கனமா இருக்கு" என்றாள் சிறுமி. எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்றேன். தொண்ணூற்றெட்டு.

அப்பா முழங்கால் வரை சேற்றோடு வந்தார். பஸ் ஏறி வந்து நிற்கிறோம் என்றால் ஏதோ நல்லதில்லை என்று அவருக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

"நார்மல்னு நீங்கதானங்க சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன்" என்றேன். "அந்த நம்பர் சரி. பக்கத்துல போட்டிருக்கற அளவு பெரியவங்களுக்கு உள்ளது. கொழந்தைக்கு இல்ல. இந்த அம்மா கொடுக்க வேணாம்னு எழுதி வச்சிருந்தாங்க. நான் கிழிச்சுட்டுக் கொடுத்தேன்."

இவ்வளவையும் சொல்லி முடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் ஓய்வூதியப் பலன்கள் வந்து சேர்ந்ததே அதைவிடச் சீக்கிரம் என்று தோன்றியது. அவர் மடியிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தார். நான் வாங்கி, என் சீலின்மேல் குறுக்குக் கோடு போட்டு, "ரத்து செய்யப்பட்டது" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தை நானே ரத்து செய்தது அதுதான் முதல் தடவை. அவர் தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தார்.

"இப்ப ரெண்டு கையெழுத்து இருக்குங்க. நான் எத நம்பறது?"

நல்ல கேள்வி. அரசாங்கத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. என்னோடு வந்த அந்த அம்மா வரப்பில் இறங்கி, புதிதாக நட்டிருந்த வாழைக்கன்று ஒன்றின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏங்க, குலை தள்ளின மரத்துக்கு வைக்கற உரத்த இந்தக் கன்னுக்கு வைப்பீங்களா?"

"கருகிப் போயிடும்."

"பெரிய ஆளு ஒருத்தர் ரத்தத்துல நிக்கற அளவு, இந்தப் புள்ள ரத்தத்துல நின்னுக்கிட்டு இருக்கு. தாள்ல எழுதியிருக்கறது அவ்ளோதாங்க. கையெழுத்த விடுங்க, கன்னப் பாருங்க."

அவர் கன்றைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் இடுப்புக்கு மேலே வந்துவிட்டார்கள், இவள் மட்டும் வளரவே மாட்டேன் என்கிறாள், அதுவும் இதனால்தானா என்று அவள் அம்மா கேட்டார். இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும் என்றார் இவர். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை.

மணி நாலரை. கரண்ட் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வாழைக்குத் தண்ணீர் பாதிதான் போயிருந்தது. அப்பா கொட்டகைக்குள் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். இப்பவே எங்க போகணும் என்று கேட்டார்.

அன்றைக்கே மறுபடி ரத்தம் எடுத்தோம், கிரியேட்டினினும் சிஸ்டாட்டினும். இரண்டும் ஒரே கதையைச் சொன்னதாக அந்த வாரக் கடைசியில் தெரிந்தது. அதற்குள் குழந்தைகளின் சிறுநீரகம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் திருச்சியிலேயே அனுப்பியிருந்தோம். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே போக வேண்டிய சிறுநீர் பின்பக்கமாக மேலே ஏறிக்கொண்டிருந்ததாம். காய்ச்சல் எல்லாம் அதனால்தான். ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டது, இன்னொன்றைக் காப்பாற்றலாம், இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க முடியாது என்றார் அந்த டாக்டர். ஆபரேஷன் நடந்தது. இப்போது அவள் ஸ்கூலுக்குப் போகிறாள், வளர்கிறாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வந்து தெரு நாய்களை எழுப்புகிறாள். முழுசாகச் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், அந்த அம்மா படித்தால் திருத்துவார்.

கம்ப்யூட்டரில் குழந்தைகளுக்கான அளவை மாற்ற, தெளிவுரைக்குக் காத்திராமல், நான் பாஸ்வேர்டைப் போட்டு உட்கார்ந்தேன். பதினைந்து நிமிஷ வேலை. ஏழு மாதக் கோப்பை முடித்துவைத்த திருப்தியில் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். நல்லது என்றார். கதவு வரை போனவர் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு ஒண்ணுதானா சார்?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். அவர் விடுப்பில் இருந்த நாட்கள், அவர் சேர்வதற்கு முந்திய மாதங்கள், அவர் சொல்லியும் நான் கொடுத்து அனுப்பியவை. உயரம் எழுதாமல் வெளியே போன குழந்தைகளின் ரிப்போர்ட்டுகள் எத்தனை என்று நகல்களைப் புரட்டி எடுத்தோம். அறுபத்தொன்று இருந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். நான்தான் போட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மேலாளர் பேசுகிறேன், உங்கள் குழந்தை உயரம் எவ்வளவு என்று கேட்டால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். "அப்பவா, இப்பவா?" என்பார்கள். "எந்த ஸ்கூல்லேந்து பேசறீங்க?" என்பார்கள். அன்று முறையிட்டு, அளக்காமலே என்னிடம் ரிப்போர்ட்டை வாங்கிப் போயிருந்த சித்திரை வீதிப் பெரியவர், "ஓய், உம்மையும் சேத்துண்டுட்டாளா அவ?" என்று கேட்டு வெகுநேரம் சிரித்தார், பிறகு பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரையும் மறுபடி நிறுத்தி அளந்து, ரத்தம் பார்த்தோம். ஒரு பையனுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம், டாக்டரிடம் அனுப்பினோம், கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் நன்றாக இருந்தார்கள். மூன்று பேர் மட்டும் கிடைக்கவில்லை. நம்பர் உபயோகத்தில் இல்லை.

போன வருஷம் அந்த அம்மா தன் மகள் குடும்பத்தோடு மஸ்கட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வார். என் உடம்பு எப்படி, வீட்டில் எல்லாரும் சுகமா என்றெல்லாம் கேட்பதில்லை. அந்த மூணு பேர் கிடைச்சாங்களா சார் என்பார். கிடைக்கவில்லை என்றால், சரி சார் என்று வைத்துவிடுவார். எனக்கு அவ்வளவு சுருக்கமான மெமோவை எழுத ஒருநாளும் வந்ததில்லை.

போன மாதம் ஒருவன் கிடைத்தான். உப்பிலியபுரத்தில் மாமா வீட்டில் இருந்து படிக்கிறான். பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, அளந்து, அங்கேயே ஒரு இடத்தில் ரத்தம் கொடுக்க வைத்து, எண்ணை வாங்கிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை சொன்னேன். மறுமுனையில் தாளில் பேனா கீறும் சத்தம்.

"மாஷா அல்லா, நல்லா இருக்கான்" என்றார். "இன்னும் ரெண்டு பேரு சார்."

அதில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்து பெங்களூர் போய்விட்டதாகத் தெரிகிறது, வீட்டுக்காரர் நம்பர் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொரு தாளில் நாலு வயதுப் பெண், கிரியேட்டினின் புள்ளி எட்டு, முகவரி என்ற இடத்தில் "கோயில் பக்கம், ஸ்ரீரங்கம்" என்று மட்டும் எழுதி வாங்கியிருக்கிறேன். ஏழு சுற்று மதிலுக்குள் இந்த ஊரே கோயில் பக்கம்தான். நாளைக் காலை தெற்கு வாசலில் இருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.